பதினான்காம் எண்

குவீன்ஸ்வே, இரண்டாம் மாடி.
கடை சாத்தும் நேரத்தில் கைப்பேசியில் வந்தது:
"பதினான்கில் பெயரை உரிச்சிடுங்க. நாளைக்குப் புதுப் பையன்."

அவ்வளவுதான்.
ஆறடி நாலங்குலம், மூன்று பருவம்,
இடது முழங்காலில் ஓர் அறுவை,
சாய் சீ புளோக்குக்குக் கீழே பழகிய
அந்த அரைநொடித் தாவல்.

ஈடாக வந்தது
மலிவாய் ஒரு மூன்று புள்ளிக்காரன்,
கூடவே
அடுத்த ஆண்டு இளையர் தேர்வில் முதல் உரிமை.
அந்த உரிமைக்குரியவன் இப்போது
தெம்பனிசில் கணக்குத் துணைப்பாடத்தில்
கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பான்.
இன்னும் வளர்ந்தே முடியவில்லை.

தோ. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து.
ஆவி காட்டினேன், உரிந்தது.
சட்டையெல்லாம் வெளுத்திருக்க
எழுத்திருந்த இடம் மட்டும் அடர்நீலம்.
ரஸாலி என்று மேலே ஒட்டினேன்.
முழுக்க மறைக்கவில்லை.

வியாழக்கிழமை தோவே வந்தான்,
கையில் ஆரஞ்சுச் சட்டை.
"அங்கிள், அங்கே பதினாலுக்கு ஆள் இருக்கு.
நாற்பத்தொண்ணு போடுங்க."
எழுத்துக்கு இரண்டு வெள்ளி.
பேரம் பேசவில்லை, அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

சனிக்கிழமை காலாங்கில் இரண்டு அணியும் மோதின.
ரஸாலி நான்கு புள்ளி, ஐந்து தவறு, வெளியே.
தோ இருபத்திரண்டாம்.
பக்கத்துக் கடைக்காரர்தான் சொன்னார்.
தொலைக்காட்சிக்கு முன்னால்தான் இருந்தேன்,
ஆனால் அவன் முதுகு திரும்பும்போதெல்லாம்
கடைசி எழுத்தின் ஓரம்
லேசாகத் தூக்கியிருந்தது.