'வித்' வேண்டாத சொல்

சைதாப்பேட்டை, ஜெராக்ஸ் கடை மாடி.
இரவு எட்டு மணிக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ்.
அக்கம்பெனி என்று எழுதினார் பிலோமினா மிஸ்.
எந்தக் கம்பெனி மிஸ்?
டெலிவரி சட்டையோடு வந்திருந்த தணிகைவேல்.

கூடப் போவது, என்றார்.
கச்சேரியில் வயலின் செய்வது.
அப்ப இட்லிக்குச் சட்னி?
அதுவும்தான். நாம் அதைத்
தொட்டுக்கொள்ள என்போம்.

இதன் பின்னால் 'வித்' போடாதீர்கள்,
கூட என்பது உள்ளேயே இருக்கிறது.
நான் போட்டேன்.
சிவப்பு மையில் அடித்தார்.
மறுபடி போட்டேன்.

வியாழக்கிழமை, ஜி.எச்., ஸ்கேன் வரிசை.
படிவத்தில் அதே சொல்,
பக்கத்தில் ஒரு வெற்றுக் கோடு.
கூட யாரும்மா வந்திருக்கா?
ஆள் இல்லாம ஊசி போட மாட்டோம்.

எனக்குப் பின்னால் நின்றவள்
டோக்கனை நாலாய் மடித்துக்கொண்டே
நான்தான், என்றாள்.
பேர் என்ன என்று அவளிடமே கேட்டு எழுதினேன்:
நூர்நிஷா.
உறவு என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
காலியாகவே கொடுத்தேன்.
கிளார்க் பார்க்கவில்லை.

பதினொன்றரைக்கு அவளைக் கூப்பிட்டார்கள்.
கட்டுப்போட்ட கையோடு
நான் பெஞ்சில்.
என் மடியில் அவள் பை, செருப்புக் கவர்,
கழற்றிக் கொடுத்த ஆறு வளையல்,
இன்னும் சூடாக.