பக்கத்துத் துளை

முதல் வாரம் நான் கேட்டது ஒன்றுதான்:
சம்பளம் எந்தக் கிழமை.

நியூ மெக்சிகோ மலைமேல், ஒன்பதாயிரம் அடியில்,
தொலைநோக்கிக்குக் கீழே ஜன்னலில்லாத அறை.
மேஜைமேல் அலுமினியத் தட்டு. ஆயிரம் துளை.
ஒவ்வொன்றிலும் ஓர் ஒளியிழையைச் செருக வேண்டும்,
இருட்டுவதற்குள்.
அதற்கு முன்பு பிஸ்தா ஆலையில் இருந்தேன்.
வாய் திறந்தது இப்பக்கம், திறக்காதது அப்பக்கம்.
விரல்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

"டெல்ஃபினா, நீ இப்போது செருகியது
ஒரு விண்மீன் மண்டலம்" என்றாள் கெர்ட்டு.
எஸ்தோனியாக்காரி, மே மாதத்திலும் கம்பளித் தொப்பி.
"அதற்குள் பத்தாயிரம் கோடி சூரியன்."
நான் அடுத்ததைச் செருகினேன்.
இன்னும் நானூறு பாக்கி.

ஒரு குளிர்காலம் கழித்துத் திரையில் காட்டினாள்.
தட்டில் விரற்கடை தள்ளி இருந்தவை
நூறு கோடி ஒளியாண்டு முன்னும் பின்னுமாய்ப்
பிரிந்து நின்றன.
இழை இழையாய், முடிச்சு முடிச்சாய்,
நடுவில் பெரிய பெரிய பாழ்.

"அங்கே யாரும் பார்க்கவில்லையா,
பார்த்தும் ஒன்றும் இல்லையா?"
கெர்ட்டு தொப்பியைக் கழற்றினாள்.
"பார்த்தோம். அநேகமாக இல்லை."

அந்த 'அநேகமாக' எனக்குத் தெரியும்.
இழையின் தலையில் ஓர் உலோகக் குமிழ்.
மிக நெருங்கிய இரண்டுக்குப் பக்கத்தில் பக்கத்தில் இடம் கிடையாது.
ஒன்றுக்கு இழை; மற்றதற்குத் துளையே போடமாட்டார்கள்.
"அப்படி விட்டதை என்ன செய்வீர்கள்?"
"பக்கத்தில் இருப்பதன் தூரத்தையே எழுதிக்கொள்வோம்.
பெரும்பாலும் சரியாக இருக்கும்."

சிரித்துவிட்டேன்.
ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்தவன்
நான் வீட்டில் இல்லாத நாளில்
பக்கத்து வீட்டு ஓர்ட்டென்சியாவைப் பார்த்துவிட்டு
அவள் வயதையே எனக்கும் எழுதிப் போனான்.
எட்டு வருஷம் கூடுதல்.
அரசாங்கக் கணக்கில் இன்றும்
நான் அவளோடு பிறந்தவள்.

ஷிஃப்ட் முடிந்து மலையிறங்குகிறேன்.
கீழே வெண்மணல் கிடக்கும் பள்ளத்தாக்கு, முழுக்க இருட்டு.
அதற்குள் இரண்டு வெளிச்சம், ஒட்டினாற்போல்.
ஒன்று பெட்ரோல் பங்க். பால் வாங்க வேண்டும்.
மற்றது அதன் வாசல் விளக்காக இருக்கலாம்;
அறுபது மைலுக்கு அப்பால்
எதிர்மலையில் யாரோ
அணைக்காமல் விட்ட அடுப்பாகவும் இருக்கலாம்.

பெரும்பாலும் பக்கத்தில்தான் இருக்கும்.

வண்டியை ஓரம் கட்டி,
முகப்பு விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கிறேன்.