ஜனவரிக் கணக்கு

முதல் குளத்தில் ஒன்றுமில்லை.
இரண்டாவதிலும்.
பூஜ்யத்தையும் எழுது, என்றேன்.
எழுதிக்கொண்டுதான் இருந்தான் விதோல்ட்,
பென்சிலால்.
பேனா மை உறைந்துபோகும் என்பதைப்
பன்னிரண்டு ஜனவரிகளுக்கு முன்னால்
அவன்தான் எனக்குச் சொன்னான்.
அப்போது ஒரே வீட்டிலிருந்து கிளம்பினோம்.

இப்போது அவன் பேருந்தில் வருகிறான்.
பாரிச் ஆற்றுப் பாலத்தருகே
எஞ்சினை அணைக்காமல் காத்திருப்பேன்.
விவாகரத்துத் தாளில்
அலமாரி யாருக்கு, நாய் யாருக்கு என்றெல்லாம் இருந்தது.
தொலைநோக்கியைப் பற்றி எழுத
இரண்டு வக்கீல்களுக்கும் தோன்றவில்லை.
முக்காலி அவனிடம், குழல் என்னிடம்.
வருஷத்துக்கு ஒருமுறை
மைனஸ் பதினொன்றில்
இரண்டையும் திருகிப் பூட்டுகிறோம்.

மூன்றாவது குளம் சர்க்கரை ஆலைக்குப் பின்னால்.
கழிவுநீர் வெதுவெதுப்பாக விழும் மூலையில்
ஆவி. ஆவிக்குள் குரல்கள்.
உருவம் பிறகுதான்:
காட்டுவாத்துகள், ஆண்களின் பச்சைத் தலைகள்
யாரோ விளக்குப் போட்டதுபோல் ஒவ்வொன்றாக.
கிளுவைகள் பதினேழு.
அலகால் நீரைச் சலித்தபடி ஒரே ஒரு தட்டைவாயன்,
தெற்கே போயிருக்க வேண்டியது,
போகவில்லை.
ஏனென்று கேட்கும் கட்டம் படிவத்தில் கிடையாது.

பண்ணைக் காவலர் கெர்வாசி
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.
"நீர்க்காகங்களை மட்டும் எண்ணிவிடாதீர்கள்.
எண்ணினால் காப்பாற்றச் சொல்லுவார்கள்."
அவர் மீசையில் பனி. சிரித்தாரா தெரியவில்லை.
பதினாலு, என்றேன், அவர் போன பிறகு.

விதோல்ட் பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தான்.
லூட்கா போட்ட தேநீர்,
ராஸ்பெர்ரிச் சாறு விட்டு.
"உனக்கும் சேர்த்துத்தான் போட்டாள்."
குடித்தேன்.
நான் போட்டதைவிட நன்றாகத்தான் இருந்தது.
சொல்லவில்லை.
கோப்பையை உதறினேன்,
மிச்சத் துளிகள் பனியில் சிவப்பாய் விழுந்தன.
பக்கத்தில் வேட்டைக்காரர்களின் காலித் தோட்டாக்கள்.
அவையும் சிவப்பு.

நான்காவது, பெரியது.
கரையிலிருந்து கரைவரை பனிக்கட்டி,
மேலே நரி நடந்த ஒற்றைக் கோடு.
நடுவில் மட்டும்
ஒரு சமையலறை அளவுக்குக் கறுப்புத் தண்ணீர்.
அதில் நாமக்கோழிகள் நெருக்கியடித்துக்கொண்டு
சுற்றுகின்றன, சுற்றிக்கொண்டே இருக்கின்றன.
இரவெல்லாம் இப்படித்தான்.
நின்றால் மூடிக்கொண்டுவிடும்.
விளிம்பில் மார்பு உரசும்போதெல்லாம்
கழுவும் தொட்டியில் தம்ளர்கள் மோதுகிற சத்தம்.

கண்வில்லையில் என் மூச்சு படர்ந்து
எல்லாம் வெளுத்தது. துடைத்தேன்.
"மொத்தம் நாற்பத்து மூன்று."
அவன் குனிந்தான்.
எண்ணும்போது அவன் உதடு அசையும்,
இன்னும் அசைகிறது.
"நாற்பத்திரண்டு."

இந்த ஒன்றுக்காக ஒரு காலத்தில்
வீடுவரை பேசாமல் வந்திருக்கிறோம்,
முப்பது கிலோமீட்டர்.
அப்புறம் இரவுச் சாப்பாட்டிலும்.

"ஒரு முக்குளிப்பான்," என்றேன்.
"நான் பார்க்கும்போது இருந்தது."
"நான் பார்க்கும்போது இல்லை."
பொய் சொல்லவில்லை, இருவருமே.

காத்திருந்தோம்,
கையுறைக்குள் விரல்களை மடக்கிக்கொண்டு.
அடியில் எங்கோ
கைக்குள் அடங்கும் உடம்பொன்று
பனிக்கூரையின் கீழ் மீன் தேடி
எந்தப் பக்கம் போயிருக்கிறதோ.
திரும்ப ஒரே வழி.
அதைத் திறந்து வைத்திருப்பவை
வேறு இனம், வேறு கவலை.
ஒன்று இன்னொன்றின் கழுத்தைக் கொத்தியது.

இருபது நொடி. முப்பது.
விதோல்ட் மணிக்கட்டைப் பார்த்தான்.
அவனுக்குப் பத்து நாற்பதுக்குப் பேருந்து.
தண்ணீர் ஓரிடத்தில் லேசாகப் புடைத்தது,
இல்லை, அது வாத்து.

"எழுதட்டுமா?"
பென்சில் முனை நாக்கில் ஈரமாகியிருந்தது.
"எதை?"

பதில் இல்லை.
முக்காலியை என் உயரத்துக்குத்
தாழ்த்திக்கொண்டிருந்தான்.
"அடுத்தது பன்னிரண்டு ஐந்துக்கு இருக்கிறது,"
என்றான், குளத்திடம்.