விடுதலைப் பத்திரம்

பதினொன்றரைக்கு டோக்கன்.
தேரடி மெட்ரோ தூண் பக்கத்தில்
பின் இடது சக்கரம் உட்கார்ந்துவிட்டது.

தணிகாசலம் இறங்கினான், பார்த்தான்,
ஒன்றும் சொல்லவில்லை.
எர்ணாவூரிலிருந்து இதுவரை
அவன் வாய் திறந்தது ஒரே தடவை:
"பான் கார்டு எடுத்துக்கிட்டியா?"

தொண்ணூற்றாறில் வாங்கிய மாருதி.
அப்பா இருந்தவரை தார்ப்பாய் போட்டு மூடுவார்.
அப்புறம் கடல்தான் அதைப் போர்த்தியது.
எங்கள் வீட்டில் ஜன்னல் கொக்கி, குழாய், மீட்டர் பெட்டி
எல்லாமே உப்புக்குப் பாதி எழுதிக்கொடுத்தவை.
என் பாதியும் அந்தக் கணக்கில் போகட்டும் என்று
நேற்று ராத்திரி
விளக்கை அணைத்துவிட்டு நினைத்துக்கொண்டேன்.

நான்கு நட்டுகள்.
ஸ்பேனர் மேல் ஏறி மிதித்தான்.
மூன்று முனகிக்கொண்டே வந்தன.
நான்காவதற்கு நான் ஏறினேன்.
எழுபத்தொரு கிலோ;
முதல் தடவையாக ஒரு காரியத்துக்கு உதவியது.

ஜாக்கி ஏற்றி, நட்டுகளைக் கழற்றி
என் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.
சக்கரத்தைப் பிடித்து இழுத்தான்.
வரவில்லை.
பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை,
ஆனாலும் வரவில்லை.
உதைத்தான். வண்டிதான் ஆடியது.
பத்திரப் பையை உள்ளேயிருந்து எடுத்து
மார்போடு வைத்துக்கொண்டேன்.

துரு ஒட்டுவதற்கென்று ஒட்டுவதில்லை.
இரண்டு இரும்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
வருஷக்கணக்கில்
யாரும் தொடாமல் விட்டால் போதும்.

காலடிப்பேட்டை போகும் ஷேர் ஆட்டோ ஒன்று
வேகத்தைக் குறைத்தது.
"நட்டத் திருப்பி மாட்டு நைனா.
முழுசா முறுக்காத, அரை சுத்து வுடு.
கீழ எறக்கி ரெண்டடி ஓட்டி
பிரேக்க அடி. தானா வுட்ரும்."
எங்கள் பதிலுக்கு அவன் நிற்கவில்லை.
பின்சீட்டில் ஒரு மீன்கூடை
எங்களையே பார்த்துக்கொண்டு போனது.

அதற்கு இரண்டு பேர் வேண்டும்.
உள்ளே ஓட்ட ஒருவர்,
வெளியே காது கொடுக்க ஒருவர்.
அவன் உள்ளே போனான்.
நான் கையை ஆட்டினேன்: வா.
இரண்டடி. பிரேக்.
"இன்னொரு தடவை."
ரிவர்ஸ். பிரேக்.
"இன்னொரு தடவை."
நான்கு வருஷத்தில்
நான் சொல்லி அவன் கேட்டது இதுதான்.
தேர் வரும் நாளில்
இதே தெருவில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் போல
கையில் அரைச் செங்கல்லோடு
பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தேன்.

ஐந்தாவது முறை, டணக்.
கடைவாய்ப் பல் பிடுங்கிய சத்தம்.
இரண்டு பேருமே சிரித்துவிட்டோம்.
பிறகு யார் முதலில் நிறுத்தினோம்
என்று தெரியவில்லை.

மறுபடி ஜாக்கி.
சக்கரம் அலட்சியமாகக் கையோடு வந்தது.
அது இருந்த இடத்தில்
செங்காவி நிறத்தில் ஒரு வட்டம்.
அவன் சாவியால் சுரண்டினான்.
நான் கட்டைவிரலால் தேய்த்தேன்,
எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஸ்டெப்னியிலும் காற்று கம்மி.
ஊர்ந்துதான் போனோம்.
டோக்கன் தாண்டிப்போய்,
கெஞ்சி, ஒன்றேகாலுக்கு உள்ளே விட்டார்கள்.

கறுப்புக் கருவியின் கண்ணாடியில்
விரலை வைக்கச் சொன்னாள் அந்தப் பெண்.
வைத்தேன். பச்சை விளக்கு வரவில்லை.
ரேகை பூராவும் துரு.
மேஜைக்கு அந்தப் பக்கம் பத்திரத்தின் தலைப்பு
எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது.
"துடைச்சிட்டு இன்னொரு தடவை வைங்கம்மா."

என் கைக்குட்டை முழுக்க நட்டுக் கறை.
தணிகாசலம் தன்னுடையதைத் தேடி
காலிச் சட்டைப் பையைத்
தட்டிக்கொண்டேயிருந்தான்.