சில்லறை பாக்கி

மூணாவது ஸ்டேஜ் என்றார் டாக்டர்.
குடியாத்தம் ரூட்டில் மூணாவது ஸ்டேஜ் பொய்கை
என்று வாய்வரை வந்துவிட்டது எனக்கு.

பத்தொன்பது வருஷம் கம்பியில் சாய்த்து வைத்த முதுகு.
கண்டக்டருக்கு வராத முதுகுவலியா என்று
நானும் தைலம் தேய்த்தேன், டெப்போவும் சிரித்தது.
எலும்புக்குள் யாரோ டிக்கெட் எடுக்காமல் ஏறி
உட்கார்ந்த இடத்திலேயே பெருகியிருக்கிறார்கள்.
படத்தில் என் இடுப்பெலும்பு
பஞ்ச் பண்ணின பழைய டிக்கெட் மாதிரி
ஓட்டை ஓட்டையாய்.

நாலு மாசம் ஊசி, மாத்திரை.
லத்தேரி மனை போனது. காஞ்சனா அதைப் பற்றிப் பேசுவதில்லை.
பிறகு ஒரு மெஷின், ஒரு கையில் ரத்தத்தை வாங்கி
ஸ்டெம் செல்லை மட்டும் எடுத்துக்கொண்டு
மீதியை மறு கையில் தந்தது.
சரியான கண்டக்டர்.
இரண்டு பை சேர்ந்தது. உறைய வைத்தார்கள்.

பெரிய மருந்து ஏறும் நாள்
வாய் வெந்துபோகாமல் இருக்க ஐஸ் கட்டி சப்பச் சொன்னாள்
சிஸ்டர் எப்சிபா.
வெளியே அக்னி நட்சத்திரம்.
வேலூரிலேயே பல் கிட்டித்து நடுங்கினவன்
அன்றைக்கு நான் ஒருவன்தான்.

மறுநாள் விட்டு ஒரு பை திரும்பி வந்தது.
இருபது நிமிஷம். இதற்கா இவ்வளவு?
என் ஆட்களையே இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவி,
திரும்ப ஏற்றிக்கொண்டேன்.
அவித்த மக்காச்சோளம் மாதிரி உன் மூச்சு என்று
மாஸ்க்குக்குள் மூக்கைச் சுளித்தாள் காஞ்சனா.

முடி, பேதி, ஒரு ராத்திரி நூற்றிமூன்று காய்ச்சல்.
அந்த ராத்திரி பஸ் முழுக்க நின்றபடி ஜனம்.
எங்கே இறங்கணும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

காலையில் கவுண்ட் கேட்பேன்.
ஐம்பது என்பாள் எப்சிபா. அப்புறம் முப்பது.
அப்புறம் அவள் சொல்லவில்லை.
பக்கத்து அறை மால்டாக்காரர் ஹால்தார் சுவரைத் தட்டுவார்,
பாஷை இல்லாததால்.
நானும் தட்டுவேன். ரெண்டு தட்டு என்றால் ரைட், போலாம்.
பதினோராம் நாள் தட்டு வரவில்லை.
வார்டு மாற்றிவிட்டார்கள் என்றாள்.
எந்த வார்டு என்று நான் கேட்கவில்லை.

பதிமூன்றாம் நாள், ஐநூற்று நாற்பது.
மூணு தடவை சொல்லச் சொன்னேன்.

தீர்ந்துவிட்டதா என்றால் டாக்டர்
ஆமாம் இல்லை இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டுகிறார்.
இன்னொரு பை அங்கேயே இருக்கிறதாம்,
டேங்கில், என் பெயரோடு.

சில்லறை இல்லாத நேரம்
டிக்கெட் முதுகில் பாக்கி எழுதித் தருவேன்,
இறங்கும்போது வாங்கிக்கொள் என்று.
நிறைய பேர் மறந்தே இறங்கிப் போவார்கள்.
என்ன ஜனம் என்று திட்டியிருக்கிறேன்.

நானும் அப்படி இறங்கணும்,
அந்தப் பாக்கியைக் கேட்காமலே.
பொய்கையில் இல்லை.
குடியாத்தத்தில்.