ஒன்றும் நடக்கவில்லை

கார்த்திகை வெள்ளம் வற்ற முன்னம்
கொக்குவில் தண்டவாளத்துக்குப் பக்கத்துப் பள்ளத்தில்
தேத்தண்ணி வடியால் அள்ளி வந்த வாற்பேத்தைகள்.
ஒன்பது தொட்டி.
ஆடியபாதம் வீதிப் பக்க ஜன்னலைத் திறந்தால்
பாண் வேகும் மணம்.

தைரொயிட்டை மருந்தால் அடைத்துவிட்டோம்.
தின்கின்றன, கொழுக்கின்றன,
பெருவிரல் அளவு வந்துவிட்டது தலை.
கால் மட்டும் இல்லை.

இருபத்தேழு நாள் கொப்பியில் எழுதினேன்:
ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்கவில்லை.
பிறகு கை உளைந்து, மேற்படி, மேற்படி.

பிழை.
கலத்தின் கருவுக்குள்
கால் முளைக்கச் சொல்லும் மரபணுவின் வாசலில்
ஒரு புரதம் குந்தியிருக்கிறது.
வாங்கி என்று பெயர்.
இன்னும் ஒன்றும் வாங்கவில்லை.
வெறுங்கையோடு இருக்குமட்டும்
ஒடுக்கிகளைக் கூப்பிட்டு வைத்திருக்கும்,
ஒன்றின் தோளில் இன்னொன்று.
கடைசியில் தொங்குகிற நொதியம்
நூல் சுற்றிய உருளைகளின் வாலிலிருந்து
அசற்றைல் குஞ்சங்களைப் பிடுங்கிப் போடுகிறது.
நூல் இறுகுகிறது.
உள்ளே இருக்கும் எழுத்தை ஆரும் வாசிக்கேலாது.
பிடுங்கியதை வேறொன்று வந்து ஒட்டும்;
திரும்பவும் பிடுங்கவேண்டும்.
இரவிலும். ஞாயிற்றுக்கிழமையிலும்.

"ஒண்டும் நடக்காமல் இருக்க
இத்தினை பேர் வேலை செய்யினம்" என்றாள் மெற்றில்டா,
பிப்பெற் நுனிகளை அடுக்கியபடி.
அவள் சிரித்தாள்.
எனக்கு எட்டு வயதில், ஊரடங்கு நேரம்,
நாச்சிமார் கோயிலடி வீதி.
ஒரு நாய்கூட இல்லை.
அந்த இல்லாமையைப் பார்த்துக்கொள்ள
மண்மூட்டைக்குப் பின்னால் நாலு பேர்,
முறை வைத்து.

செவ்வாய் காலை ஹோர்மோன் விட்டோம்.
தண்ணீர் நிறம்கூட மாறவில்லை.
வாங்கி வாங்கியது.
அதன் ஓரத்துச் சுருள் ஒன்று உள்ளே மடிந்தது,
அவ்வளவுதான்;
ஒடுக்கிகளுக்குப் பிடித்து நிற்க இடமில்லை.
சனிக்கிழமை, கரண்ட் நின்று வந்த பிறகு பார்த்தால்
எட்டுத் தொட்டியிலும் வாலடியில் முளை,
குறுணல் அரிசி மாதிரி.

ஒன்பதாவதுக்கு விடவில்லை.
ஒப்பிட ஒன்று வேண்டுமே.
அது எல்லாவற்றிலும் பெரிது,
கண்ணாடியில் வாயை வைத்து
என்னைப் பார்க்கிறது, அல்லது பாசியை.

கொப்பியில் ஒன்றும் என்று தொடங்கி, வெட்டி,
வேலை நடக்கிறது என்று எழுதினேன்.
மெற்றில்டா எட்டிப் பார்த்துவிட்டு
எந்தத் தொட்டிக்கு என்று கேட்டாள்.