சர்க்கரை போடாத சுலைமானி

மஹ்பூலாவில் ஜூலை மாதம்
ஹீட்டரை அணைத்துப் போட்டால்
அதற்குள் தேங்குவதுதான் பச்சைத்தண்ணீர்.
குழாயில் வருவது
மொட்டைமாடித் தொட்டியில் நாள்பூராவும் வெந்தது.
அதில் சோறு பொங்கலாம்,
சடையன் குளிக்க முடியாது.

சடையன் நான் வைத்த பெயர்.
முதலாளி வீட்டுப் பையன் வைத்தது வேறு,
என் வாயில் அது நுழையவில்லை.
வாங்கியபோது இரண்டு ஆக்ஸலாட்டல்.
பசித்த ராத்திரி ஒன்றில்
மற்றது இதன் வலது முன்னங்காலைப்
புழுவென்று நினைத்திருக்கும்.

குடும்பம் லண்டன் கிளம்பிய காலை
பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தேன்.
மேடம் தொட்டியைக் காட்டி
"கழிவறையில் ஊற்றிவிடு" என்றார்.
பாதம் இருந்த இடத்தில் எருக்கம்பஞ்சு போல் வெள்ளைப் பூஞ்சை.
செவுளிலும் ஒரு துணுக்கு.
பையன் பின்சீட்டில் வெளியே பார்த்திருந்தான்.
அழுதானா தெரியாது.
விமான நிலையம் வரை ஏசி சத்தம்தான்.

வைத்தியம் சொன்னது
வெள்ளிக்கிழமைச் சந்தையில் மீன் விற்கும் கமருல்.
பாதி இந்தி, பாதி அரபி:
சுலைமானி போடு.
சர்க்கரை வேண்டாம், எலுமிச்சை கூடவே கூடாது.
ஆறி, சில்லிட்ட பிறகு பத்து நிமிடம்.
கேட்காவிட்டால் அயோடின் இல்லாத உப்பு,
இரண்டையும் ஒரே நாளில் செய்துவிடாதே.
பஞ்சை விரலால் பிய்க்காதே, தோலோடு வரும்.
குளிரில் வை.

குளிர் என்றால்
ஆறு பேருக்குப் பொதுவான ஃப்ரிட்ஜ்.
நடுத்தட்டில் என் பங்கு ஒரு சாண்.
மூடியில் ஓட்டை போட்ட டப்பா மேல்
"உயிர். திறக்காதே" என்று எழுதி ஒட்டினேன்.
ஞானதீபன் முதல் நாளே திறந்து
தயிரைக் கீழே போட்டான்.
"பிள்ளை மாதிரி கை வெச்சிருக்குய்யா."
அன்றிரவு அவன் கறி தின்னவில்லை.

வண்டி கழுவப் போகுமுன், நாலரை மணிக்கு,
குளோரின் முறித்து முந்தின நாளே குளிரவைத்த தண்ணீரை
மாற்றி ஊற்றுவேன்.
தேநீர்க் கிண்ணத்தில் இறக்கினால்
பழுப்புக்குள் சிவந்த சடை மட்டும் அசையும்.
அந்தப் பத்து நிமிடம்
நானும் ஒரு சுலைமானி குடிப்பேன்,
சர்க்கரை போட்டுத்தான்.

ஆறாம் நாள் பஞ்சு இழை இழையாய்க் கழன்றது.
செவுளில் ஒரு நூலும் கூடப் போனது.
மெல்ல மெல்ல ஃப்ரிட்ஜை விட்டு
தெர்மோகோல் பெட்டிக்கு வந்தான்,
பக்கத்தில் உறைந்த தண்ணீர் பாட்டில்.

இதாயத்துல்லா பாய்
இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.
ஷுவைக் பட்டறையில் பிரஸ் மெஷின்
அவர் சுண்டுவிரலை எடுத்தது போன வருஷம்.
எத்தனை தினார் கொடுத்தார்கள் என்று
நாங்களும் கேட்டதில்லை.
மத்தியானம் பாட்டில் உருகியபின்
புதிதை மாற்றி வைப்பது யாரென்று
எனக்குத் தெரிய மூன்று வாரம் ஆனது.

ஆகஸ்டில் ஒரு முளை, அரிசி நுனியளவு.
பிறகு துடுப்பு.
பிறகு துடுப்பில் வெட்டுகள்.
பாய் கண்ணாடி மாட்டிக் குனிந்து எண்ணினார்.
"நாலுதான் இருக்கு. ஒண்ணு குறையுதே."
"இல்ல பாய், முன்னங்கால்ல இதுக்குப் பொறக்கும்போதே நாலுதான்."
"அப்ப முழுசா வந்துருச்சா?"
"முழுசா."
ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு
பாட்டில் எடுக்கப் போனார்.

பையனின் குரல் செய்தி
இரண்டு நாளாய்க் கேட்காமல் கிடக்கிறது.
இல்லை, கேட்டுவிட்டேன். நாலு தரம்.
வியாழக்கிழமை விமானம்.
உயிரோடு இருக்கிறதா, அதுதான் கேள்வி.
இருக்கிறது என்று சொல்வது சுலபம்.
பெயர் மாறிப்போனதை
அவனிடம் எந்த மொழியில் சொல்ல?